மச்சானின் காரைத் தூக்கி நிறுத்திய கதை

என் மூத்த சகோதரியை, என் ராத்தாவை, பைத்தியம் என்று ஊரறியச் சொன்ன மனிதரின் காரை நான்தான் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினேன். அவருக்குப் போய் ஏன் அந்த வேலையைச் செய்தாய் என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். பழிவாங்கத்தான் செய்தேன்.

அவர் ராத்தாவின் கணவர், எனக்கு மச்சான். கல்முனைப் பக்கம் பெரிய நெல் ஆலை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். வாப்பா கரைவலையில் உழைத்ததையெல்லாம் போட்டு ராத்தாவுக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார். மச்சான் அந்த வீட்டில் சில வருடங்கள் இருந்தார், சாப்பிட்டார், உறங்கினார். வாப்பா மௌத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவருக்கு உள்ளூரில் வயற்காணி அதிகமுள்ள ஒரு வீட்டிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. ராத்தாவை விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் விடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். ராத்தாவிடம் குற்றம் எதுவும் இல்லை.

ஆகவே விவாகரத்து வழக்குகளைத் தீர்க்கும் காதியாரும் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரும் இருந்த இடத்தில் அவர் இப்படிச் சொன்னார்: "அவவுக்குப் புத்தி சரியில்ல. நடுச்சாமத்தில ஒழும்பித் தனியா இருந்து கதைக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

ராத்தா நடுச்சாமத் தொழுகையான தஹஜ்ஜத்துக்கு எழும்புகிறவள். தொழுதுவிட்டு மெதுவாகக் குர்ஆன் ஓதுவாள். அதைத்தான் அவர் தனியாகக் கதைப்பது என்றார்.

தலாக் முடிந்தது. அதோடு நின்றிருந்தால் ராத்தா தாங்கியிருப்பாள். அவள் அயலில் உள்ள சின்னப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வந்தவள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் பதினைந்து இருபது பிள்ளைகளின் சத்தம் கேட்கும். பைத்தியம் என்ற சொல் வெளியே போனதும் ஒவ்வொரு தாயாகத் தன் பிள்ளையை நிறுத்திக்கொண்டாள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஒருத்திக்கு இனி பள்ளி லெப்பையிடம் ஓத ஆசையாம். கடைசியில் விறாந்தையில் பாய் மட்டும் கிடந்தது.

நான் அப்போது சவூதியில் இருந்தேன். திறந்த பொருளாதாரம் வந்து, எங்கள் பக்கத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மத்திய கிழக்குக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பணக்காரர்களின் பெரிய கார்கள் வரும் ஒரு கராஜில் எனக்கு வேலை. சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இல்லாமல், காற்று நிரப்பிய ரப்பர் பைகளின் மேல் நிற்கும் கார்களை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அந்த வேலையில் கைதேர்ந்த ஒரு பாகிஸ்தான்காரருக்கு உதவியாளாக என்னைப் போட்டார்கள். அவர் கத்திக் கத்திச் சொல்லித் தந்தார்.

ராத்தாவின் செய்தியை எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர்தான் சொன்னார். நாங்கள் ஒரே சகனில், ஒரு பெரிய தட்டில், கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் கதையைத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். "முழுசாச் செல்லுங்க" என்றேன். சொல்லி முடித்தார். நான் கையைக் கழுவினேன். ஒப்பந்தம் முடியும் வரை பாஸ்போட் முதலாளியிடம் இருந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தையும் அங்கே வேலை செய்தேன்.

ஊருக்கு வந்த அன்றே மச்சானை அடிக்கப் போவதாக எழும்பினேன். ராத்தா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"நீ போய் அடிச்சா அவன் செல்லினது உண்மையாப் போகும்டா. முழுக் குடும்பத்துக்கும் பைத்தியம் எண்டு செல்லுவாங்க."

"அப்ப சும்மா இரிக்கவா?"

"சும்மா இரிக்கச் செல்லல்ல. அடிக்க வேணாம் எண்டுதான் செல்றன்."

ராத்தாவின் வீட்டு வளவிலேயே தகரம் போட்டு ஒரு கராஜ் திறந்தேன். லொறி, வான், டிரக்டர் எல்லாம் வந்தன. இரண்டு வருடம் அப்படிப் போனது. மச்சானை வழியில் கண்டால் நான் பார்வையைத் திருப்புவதில்லை. அவர்தான் திருப்பிக்கொள்வார்.

பிறகு அவர் அந்தக் காரை வாங்கினார்.

கொழும்பில் ஒரு தூதரகக்காரர் விட்டுப்போன கறுப்பு ஜெர்மன் கார். எங்கள் கரையில் அதைப்போல் ஒன்று அதற்கு முன் ஓடியதில்லை. காரைவிட அது எழும்புவதுதான் பெரிய வேடிக்கை. டாஷ்போட்டின் கீழே ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் கார் மூச்சு விட்டுக்கொண்டே நாலு பக்கமும் மெல்ல உயரும். சந்தைக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அவர் அந்தக் குமிழை இழுப்பார். சனம் வாய் பார்க்கும். நானும் ஒருநாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பின்பக்கத்து இடது மூலை மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் பிந்தி எழும்பியது. பையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

மாரி வந்தது. ரோட்டெல்லாம் குழி. மதகுகளில் வெள்ளம் ஏறி ஓடியது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து வால்வுகளைத் தின்றன. ஒருநாள் காலையில் அந்தக் கார் ஆலை வாசலில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக் கிடந்தது. டயர் பாதி காரின் உடலுக்குள்ளே போய்விட்டது. கொழும்பிலிருந்து கொண்டுவந்த மெக்கானிக், காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் போடச் சொன்னாராம். மச்சான் சம்மதிக்கவில்லை. குமிழை இழுத்தால் எழும்பாத கார் அவருக்கு எதற்கு? அதுவும் அவருடைய தம்பிக்கு அக்கரைப்பற்றில் ஒரு பெரிய இடத்தில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவார் என்று பெண் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்தக் கரையில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். முதலில் ஆள் அனுப்பினார். கார்க்காரரே வந்தால் கதைக்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றார்.

"என்ன மச்சான், சுகமா இரிக்கியா?"

"சுகம் முதலாளி. என்ன விசயம்?"

முதலாளி என்றதும் அவர் முகம் ஒருமாதிரியானது. மச்சான் என்ற சொல்லை நான் அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கவில்லை, இன்றுவரை.

"காரு விசயம். நீ ஆலைக்கு வந்து பாத்தா..."

"என்ட சாமானெல்லாம் இஞ்சதான் கிடக்கு. காரை இஞ்ச கொண்டு வாங்க."

"இந்த வளவுக்கா?"

"ஓம். உங்களுக்குத் தெரிஞ்ச வளவுதானே."

பொதுச் சந்தை கூடுகிற நாளில் கார் வந்தது. நாள் நான் சொன்னதுதான். சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையில் மரக்கட்டைகளை அடித்து இறுக்கி, டிரக்டரில் சங்கிலி கட்டி இழுத்து வந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு குழியிலும் அடிவயிறு உரசிச் சத்தம் போட்டது. பின்னால் மச்சான் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மீன் விற்கிறவர்கள், தேத்தண்ணிக் கடைக்காரர்கள், வான் வண்டிக்குக் காத்து நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எந்த வீட்டுக்கு அந்தக் கார் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கேற்றைத் திறந்து விட்டவன் நான்.

ராத்தா விறாந்தையில் நின்று பார்த்தாள். அவளுக்கு நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் காரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாள் கிடக்கும்?" என்று கேட்டாள்.

"சாமான் வெளிநாட்டில இருந்து வரணும். இரண்டு மூணு மாசம்."

"நல்லம்" என்றாள்.

மறுநாள் வெயில் எறித்தபோது அவள் காரின் என்ஜின் மூடியில் ஓலைப்பாயை விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தாள். கோழிகள் கூரையில் ஏறி இருந்தன. ஒரு பேடு பின்சீட்டுக்குள் போய் முட்டை இட்டது. மச்சான் வாரத்துக்கொரு தடவை பார்க்க வருவார். ராத்தா உள்ளே இருந்து என்னிடம் சொல்வாள்: "வாற ஆளைச் செருப்பக் கழட்டி வெளிய வெச்சிட்டு வரச் செல்லு. வளவு கூட்டிக் கிடக்கு." மணல் வளவுக்குச் செருப்போடு வருவதில் என்ன? ஆனால் அவர் கழற்றினார். வெறுங்காலோடு நின்று தன் காரின் மேல் காயும் சுறாக் கருவாட்டைப் பார்த்தார். எனக்கு அந்த நாட்களில் சோறு நன்றாக இறங்கியது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காரை நான் கெடுக்கவில்லை. ஒரு வயரை அறுத்து விடு, ஒரு பிளேட்டால் பையைக் கீறி விடு என்று சொன்ன சிநேகிதர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அவருக்கு இன்னொரு கார் வரும். நான் அதை முன்பிருந்ததைவிட நல்ல காராக்க நினைத்தேன். அவர் இழக்க மனம் வராத காராக.

ஜெர்மன்காரர்கள் அதை வழுவழுப்பான ரோட்டுக்குச் செய்திருந்தார்கள். எங்கள் மதகுக்கும் மணலுக்கும் அல்ல. சவூதியில் இருந்த சிநேகிதன் விடுமுறைக்கு வரும்போது நாலு ரப்பர் பைகளைக் கொண்டு வந்தான். பழையதைவிடத் தடிப்பான இனம். உடைத்துப்போட்ட ஒரு லொறியின் பிரேக்குக்குக் காற்றுச் சேமிக்கும் தாங்கியை எடுத்து, காரில் இருந்த தாங்கியோடு இரண்டாவதாகச் சேர்த்தேன். காற்றோடு வரும் ஈரத்தைப் பிடித்து வெளியே விட ஒரு சின்னக் குழாய்த் திருகு வைத்தேன். செம்புக் குழாய்களை மீனுக்கு ஐஸ் கட்டும் இடத்தில் வேலை செய்கிறவர் வளைத்துத் தந்தார். கார் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று பார்த்துக் காற்றை விடும் கம்பிகளைக் கடைந்து கொஞ்சம் நீட்டினேன். முன்பைவிட மூன்று விரல் உயரத்தில் நிற்கும். சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பூசி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

சோதித்து முடிந்ததும், தாங்கியிலிருந்து நாலு மூலைக்கும் காற்றைப் பிரித்து விடும் பித்தளை வால்வை மட்டும் கழற்றி எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும். அதைச் சாரன் மடியில் வைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மச்சான் வந்தார். கோழி எச்சத்தைக் கழுவி நான் காரைத் துடைத்து வைத்திருந்தேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

"முடிஞ்சிதா மச்சான்?"

"காருக்கு வேல முடிஞ்சிது முதலாளி. உங்களுக்குத்தான் ஒரு வேல மிச்சம் கிடக்கு."

"எனக்கா? என்ன வேல?"

"பள்ளிக்குப் போங்க. என்ட ராத்தாவைப் பத்தி அண்டைக்கு என்ன செல்லினீங்களோ, அது பொய் எண்டு அதே ஆக்களுக்கு முன்னால செல்லுங்க. செல்லிட்டு வாங்க, காரு ஒழும்பும்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சத்தம் போட்டார். பொலிசுக்குப் போவேன் என்றார்.

"போங்க. நான் காரைப் பூட்டி வைக்கல்ல. டிரக்டரைக் கொண்டு வந்து, வந்த மாதிரியே இழுத்திட்டுப் போங்க. சந்தை நாள்ல வந்தாலும் சரி."

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பெரியவரைத் தூது அனுப்பினார். இரண்டு மடங்கு கூலி தருவதாகச் சொன்னார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். நாட்கள் ஓடின. அவர் கராஜ் கராஜாக ஆட்களை விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எவனும் அந்தக் காருக்குக் கீழே படுக்கச் சம்மதிக்கவில்லை. இதற்குள் பெண் வீட்டாருக்கும் கார் எங்கே கிடக்கிறது என்ற கதை எட்டி, அவர்கள் ஏன் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளி, ஜும்ஆ முடிந்தது. சனம் எழும்பப் பார்த்த நேரத்தில் மச்சான் முன்வரிசையில் எழும்பி நின்றார். மரைக்கார்மாரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அவர்களில் வயதானவர் காதுக்குக் கையைக் கொடுத்து, "கேக்கல்ல மனே, கொஞ்சம் உரத்துச் செல்லுங்க" என்றார்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "என்ட முந்தின பெண்சாதிக்குப் புத்தியில ஒரு குறையும் இல்ல. அவ சாமத்தில ஒழும்பினது தஹஜ்ஜத் தொழ. நான் இந்தச் சபைக்கு முன்னால பொய் செல்லினன்."

யாரோ ஒருவர் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் இருந்து அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மடல்வரை சிவந்திருந்தது. பாகிஸ்தான்காரரின் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு எரியும் இரும்புக்குக் கீழே படுத்துக் கிடந்த காலத்தில், நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்த முகம் அதுதான்.

வீட்டுக்கு ஓடி வந்து ராத்தாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"நீதான் செல்ல வெச்சியா?"

"ஓம்."

"ஆர் ஆர் கேட்டாங்க?"

"பள்ளி நிறையச் சனம் ராத்தா!"

"ஆம்புளையள்" என்றாள். சுளகைக் கீழே வைத்தாள். "புள்ளைகள மறிச்சது ஆம்புளையளா? பொம்புளையளுக்கு ஆர் செல்லுவா?"

என்னைவிட அவள் கணக்குப் பெரிது என்று அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலை காரை எடுக்க மச்சான் வந்தபோது எங்கள் வளவு நிறையப் பெண்கள். மா இடிக்க உதவி வேண்டும் என்று ராத்தா அயல் வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளியில் நடந்ததைக் கேள்விப்பட்டு, அழைக்காதவர்களும் வந்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்ட தாய்மார் அத்தனை பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உலக்கையோடு நின்றார்கள். மச்சான் கேற்றில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் ஒரு பக்கம் ஜாக் வைத்து, காருக்குக் கீழே படுத்து வால்வைப் பூட்டிவிட்டு ஜாக்கை இறக்கினேன். எழும்பி வந்து என்ஜினை இயக்கப் போனேன். ராத்தா கதவு நிலையில் நின்று கையைக் காட்டினாள்.

"பொறு. காரு ஒழும்ப முதல் இவங்களுக்கும் ஒருக்காச் செல்லிட்டுப் போகச் செல்லு."

"நான்தான் பள்ளியில செல்லிட்டனே" என்றார் அவர் என்னைப் பார்த்து.

"இவங்க பள்ளிக்கு வரல்ல முதலாளி" என்றேன்.

அவர் சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளியில் சொன்னதை அப்படியே சொன்னார். உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. சொல்லி முடித்ததும், வீட்டுப் பக்கம் திரும்பி, "என்ன மன்னிச்சிக்க" என்றும் சேர்த்தார். அதை நான் கேட்டிருக்கவில்லை.

ராத்தா நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். "மன்னிக்கச் செல்லி நான் கேக்கல்ல. செல்லச் செல்லித்தான் கேட்டன். செல்லிட்டீங்க. காரைக் கொண்டு போங்க."

என்ஜினை இயக்கினேன். கொஞ்ச நேரம் காற்று நிரம்பியது. பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக, நாலு மூலையும் ஒரே அளவில், அந்தக் கறுப்புக் கார் மணலிலிருந்து மேலே வந்தது. முன்பைவிட உயரமாக நின்றது. ஒரு பெண் "அல்லாஹ்" என்று வாயில் கைவைத்தாள். பாலமுனை வரை ஓட்டிப் பார்த்துக் கொண்டு வந்து சாவியைக் கொடுத்தேன். மதகுகளில் தோணி மாதிரிப் போனது. அவ்வளவு நல்ல வேலையை நான் அதற்கு முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை.

மாப்பிள்ளை அந்தக் காரில்தான் போனார். அக்கரைப்பற்றுச் சனம் காரைப் பார்த்ததாம். கூடவே, அந்தக் கார் எப்படி எழும்பியது என்ற கதையும் பந்தலுக்குள் காரை முந்திக்கொண்டு போயிருந்ததாம்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஒரே நாளில் அல்ல. முதலில் வந்து கேட்ட தாயை ராத்தா கேற்றிலேயே நிற்க வைத்து, "பைத்தியக்காரிக்கிட்டயா ஓத விடப் போறாய்?" என்று கேட்டாள். அவள் அழுதாள். ராத்தா அழ விட்டாள். பிறகுதான் பிள்ளையை உள்ளே எடுத்தாள். வந்த ஒவ்வொரு தாயிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். ஒருத்தியையும் விடவில்லை. நானே ஒருநாள், "போதும் ராத்தா" என்றேன். "உனக்குப் போதும்" என்றாள்.

தாங்கியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். சின்ன வேலைதான். சொல்லிக் கொடுத்தால் யாரும் செய்யலாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதா மாதம் அவர் அந்தக் காரை எங்கள் வளவுக்குக் கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, நான் வரும்வரை வெயிலில் நின்றார். மூன்றாம் வருடம் அலுத்துப்போய்க் காரை விற்றுவிட்டார்.

அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகு அவருடைய இரண்டாம் மனைவி தன் மகளை ராத்தாவிடம் ஓத விட ஆள்மூலம் கேட்டாள். ராத்தாவிடம் ஓதிய பிள்ளைகள்தான் ஊரில் திருத்தமாக ஓதுவார்கள் என்ற பெயர் அதற்குள் வந்துவிட்டது. "வேணாம் எண்டு செல்லு" என்றேன். ராத்தா கேட்கவில்லை. பிள்ளை என்ன செய்தது என்றாள். ஆனால் ஒரு சொல் சொல்லி அனுப்பினாள்: வேலையாளோடு அனுப்பக் கூடாது, வாப்பாதான் கொண்டு வந்து விட்டு, வாப்பாதான் கூட்டிப் போக வேண்டும்.

அவர் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அஸருக்குப் பிறகு வருவார். முடியும்வரை வேலிக்கு வெளியே நிற்பார். உள்ளே ராத்தாவின் குரல் முன்னே போகும், பிள்ளைகளின் குரல் பின்னால் போகும். அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல். ராத்தா அதனிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பொறுமை காட்டினாள். நான் கராஜில் நின்று அவரைப் பார்ப்பேன். தலைமயிர் நரைத்திருந்தது. அவர் எனக்குச் சலாம் சொல்வார். பதில் சலாம் சொல்வது கடமை என்பதால் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரோடு நான் கதைத்ததில்லை.